சுற்றறிக்கையில் இல்லாத வரிகள்

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். எழுதியிருப்பதை விட்டுவிட்டு எழுதாததைப் படித்தவளும் நானே. முதல் சாதனையைக் கேட்காதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை இன்றைக்குத்தான் வெளியே எடுக்கிறேன்.

அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். 'ஏழுமலை' என்ற நான்கு எழுத்தை அவர் எழுத மாட்டார், வரைவார். கடைசி 'லை'க்கு வரும்போது நாக்கு நுனி வெளியே வந்திருக்கும். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை, அம்மாவுக்கு ஃபிளாட்டுகளில் வீட்டு வேலை. ஆவடி சேக்காட்டில் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் எந்தக் காகிதம் நுழைந்தாலும், கரண்ட் பில்லோ கல்யாணப் பத்திரிகையோ மாத்திரை அட்டையோ, நேராக என் கைக்குத்தான் வரும். இரண்டாம் வகுப்பிலிருந்தே இந்தப் பதவி. (சம்பளம் கிடையாது. மரியாதை மட்டும் உண்டு.) நான் படிக்கத் தொடங்கினால் அப்பா டிவி சத்தத்தைக் குறைப்பார். செய்தி வாசிக்கிறவர்களுக்குக்கூட அவர் கொடுக்காத மரியாதை அது.

இப்படி வளர்ந்த பிள்ளைக்குத் தலைக்கனம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிளஸ் ஒன் வந்தபோது என் தலைக்கனம் என்னைவிட அரை அடி உயரமாக இருந்தது.

அப்பாவிடம் ஒரு பழைய பைக் இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து அதன் பின்கம்பியைப் பிடித்தே உலகத்தைப் பார்த்தவள் நான். அதாவது உலகத்தில் பாதியை. மீதிப் பாதியை அப்பாவின் முதுகு மறைத்துவிடும். முன்னால் உட்கார்ந்து முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அப்பாவின் கட்சி வேறு.

"புள்ளைங்க கையில வண்டிய குடுக்கறவன்லாம் ஒரு அப்பனா?" என்பார். இருபத்தைந்தைத் தாண்டி ஓட்டாதவர், ஸ்பீடு பிரேக்கர் வந்தால் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தாண்டுகிறவர். "பதினெட்டு ஆவட்டும். வண்டி எங்க ஓடிடப் போவுது, இங்கியேதான் நின்னுகினு இருக்கும்."

படிக்காதவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். (ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். இந்த அடைப்புக்குறிக்குள் நீண்ட நேரம் நிற்க எனக்கு விருப்பமில்லை.)

அந்த வாரமே பள்ளியில் ஒரு சுற்றறிக்கை கொடுத்தார்கள். பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளை மோட்டார் சைக்கிள் ஓட்ட விடாதீர்கள், மீறி விட்டால் பெற்றோரே பொறுப்பு என்று பெற்றோருக்கு எழுதிய ஒரு பக்கத் தாள். கீழே வெட்டி எடுத்துத் திருப்பிக் கொடுக்க ஒரு துண்டு. அதில் பெற்றோர் கையெழுத்து.

"இன்னா போட்டுகீது?" என்றார் அப்பா, டிவியைக் குறைத்தபடி.

"அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்" என்று படித்தேன். அதுவரை உண்மை. அடுத்த வரியைக் கண் பார்த்தது, வாய் பார்க்கவில்லை. "இந்தக் காலத்தில் பிள்ளைகள் எல்லாத் திறமைகளையும் பெற வேண்டும். ஆகவே பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அப்பா டிவியையே அணைத்துவிட்டார்.

"பொண்ணுங்களுக்குமா?"

"'குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு'ன்னு போட்டிருக்குப்பா."

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்: "லைசென்ஸு?"

"ரோட்டுக்குப் போகாம கிரவுண்ட்ல ஓட்டினா இப்போதைக்கு வேணாம்னு போட்டிருக்கும்மா."

"பரவால்லயே, நான் கேக்கப் போறது அவங்களுக்கு முன்னயே தெரிஞ்சிகீது" என்றாள் அம்மா.

அப்பா தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "எனக்கு மனசு ஒப்பல. ஆனா படிச்சவங்க சொல்றாங்கோ. நாம இன்னாத்த கண்டோம்" என்று பேனா கேட்டார். நாக்கு நுனி வெளியே வந்தது. ஏழுமலை.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும், உங்களுக்கும் நேரம் மிச்சமாகியிருக்கும். நான் துண்டை வெட்டி மறுநாள் வகுப்பாசிரியையிடம் கொடுத்துவிட்டேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் மனை பிரித்து விற்காமல் கிடந்த ஒரு பெரிய இடம் இருந்தது. மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக்கல் வரிசை வரிசையாக நிற்கும். தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அப்பா என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவார். தன் ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்ப்பார். அதற்குள் என் தலை இருபுறமும் சுதந்திரமாகத் திரும்பும், ஹெல்மெட் திரும்பாது. அவர் பக்கத்திலேயே ஓடி வருவார். "கிளட்ச உடு, கிளட்ச உடு. ஐயய்யோ, அவ்ளோ சீக்கிரமாவா உடுவ." முதல் வாரம் வண்டி முயல்போலத் துள்ளித் துள்ளி நின்றது. ஒரு கல்லைச் சாய்த்தேன். யாரோ ஒருவருடைய மனை அன்றைக்குச் சற்றுச் சுருங்கிப்போனது.

பொய்க்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பா அந்தத் தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தினமும் வண்டியை எடுக்கும் முன் என்னிடம் நீட்டுவார்.

"இன்னிக்கு இன்னா சொல்லித் தரணும்னு போட்டுகீது?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு படிப்பேன். "இரண்டாவது கியர். வளைவில் வேகம் குறைத்தல்." மறுநாள், "பின் பிரேக்." அந்த ஒரு பக்கத்திலிருந்து ஒரு மாதத்துக்குப் பாடம் படித்தேன். நாலாவது கியரையும் படித்துப் பார்த்தேன். அதற்கு மட்டும் அவர் மசியவில்லை. "அவங்க போட்டா போட்டுக்கட்டும். அது எனக்கே ஆவாது."

அம்மா வேறு வழியில் வந்தாள்.

"பொண்ணுங்க ஊட்டு வேலை செய்யணும்னு அதுல எதனா போட்டுகீதா, பாரு."

"இல்லம்மா."

"நல்லாப் பாரு. கீழ எங்கனா போட்டிருப்பாங்க. எல்லாத்தையும் போட்டவங்க இத உட்டுருப்பாங்களா?"

இல்லை என்று சாதித்தால் தாளின் மேலேயே சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்து, "காலையில் பாத்திரம் கழுவ வேண்டும்" என்று படித்தேன். நானே போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு மாதம் பாத்திரம் கழுவினேன்.

பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. சனிக்கிழமை காலை. அழைப்புக் கடிதமும் என் கைக்குத்தான் வந்தது. 'மாணவர்கள் வண்டி ஓட்டுவது குறித்துப் பேச' என்று முதல் வரியிலேயே இருந்தது. "அம்மாக்கள் மட்டும் வரணுமாம்" என்று படித்தேன். அம்மாவுக்கு சனிக்கிழமை மூன்று வீடு, வர முடியாது என்பது என் கணக்கு.

"போன வாட்டி அப்பாதான் வரணும்னு படிச்ச?" என்றாள் அம்மா.

"நான் போறேன்" என்றார் அப்பா. "ஒரு மாசமா அவங்க சொன்னதெல்லாம் செஞ்சிகீறேன். போயி ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

சனிக்கிழமை அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாவியை என் கையில் கொடுத்தார். "நீயே ஓட்டு. அவங்களும் பாக்கட்டும்."

"ரோட்டுல ஓட்டக் கூடாதுப்பா. பேப்பர்ல போட்டிருக்கே."

"உள்தெருவாவே போலாம். நான் பின்னாலதான குந்தினு இருக்கேன்."

என் வாழ்க்கையிலேயே அந்தத் தாள் ஒருமுறை எனக்காக உண்மை பேசியது. அன்றைக்குப் பார்த்து அவர் கேட்கவில்லை. அன்று நான் ஓட்டியது தப்பு, சந்தேகமே இல்லாத தப்பு. வண்டி எங்கேயாவது நின்றுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். ஒரு மாதமாக ஒவ்வொரு கல்லிடமும் நின்று நலம் விசாரித்த வண்டி அன்றைக்கு வெண்ணெய்போல ஓடியது. பள்ளி முனையில், "இங்கேயே இறங்கிடலாம்ப்பா" என்றேன். முதுகில் தட்டினார். "எதுக்கு? ஜம்முனு உள்ள போ."

ஜம்மென்றுதான் போனேன். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு நூறு பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியை மைக்கில், "நாம் பிள்ளைகளை வண்டி ஓட்ட விடலாமா? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டு நிறுத்தினார். அந்த இடைவெளியில் கேட்டது என் வண்டியின் சத்தம்தான். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் பின் பிரேக்கை அழுத்தி, கால் ஊன்றி, ஸ்டாண்டு போட்டேன். அவ்வளவு அழகாக அதற்குப் பிறகு நான் எங்கேயும் வண்டியை நிறுத்தியதில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதற்குள்ளேயே குடியிருந்துவிடலாம் என்று தோன்றியது.

"யாரும்மா அது? கழட்டு" என்றார் தலைமையாசிரியை. கழற்றினேன். "சத்யாவா? நீயா?" மைக் அணைக்கப்படவில்லை. "கூட வந்தது யாரு?"

அப்பா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு முன்னால் போனார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான்தாங்கம்மா, இவுங்கப்பா. நீங்க பேப்பர்ல போட்ட மாதிரியே ஒண்ணு உடாம கத்துக் குடுத்துட்டேன். மூணு கியர் வரிக்கும் நல்லாப் போடறா. நாலாவது மட்டும் இன்னும் உடலீங்க. மன்னிச்சிக்கணும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியை மேசையிலிருந்த துண்டுகளைப் புரட்டி ஒன்றை எடுத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதாங்க."

"இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'என் பிள்ளையை வண்டி ஓட்ட விட மாட்டேன்' என்று நீங்க எழுதிக் கொடுத்த உறுதிமொழி." பிறகு சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மைக்கில் படித்தார். தெளிவாகப் படித்தார். பாத்திரம் கழுவுவது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அப்பா சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'எம் பொண்ணுதாங்க படிச்சிக் காட்டுச்சு' என்று. அதோடு தமிழில் முதல் மதிப்பெண், வகுப்புத் தலைவி, வீட்டின் கலெக்டர் எல்லாம் நூறு பேர் முன்னால் தீர்ந்துபோயிருக்கும்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார் அப்பா. மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. "பக்கத்து ஊட்டுல ஒருத்தராண்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். தப்பாப் படிச்சிட்டாரு போலக்கீது."

தலைமையாசிரியையின் குரல் தணிந்துவிட்டது. "அதுக்கு ஏங்க வெளியாள்கிட்ட போறீங்க? வீட்டிலேயே இவ்வளவு நல்லாப் படிக்கிற பொண்ணை வெச்சுக்கிட்டு? இவகிட்ட குடுத்திருந்தா ஒரு எழுத்து விடாமப் படிச்சிருப்பாளே."

"ஆமாங்க" என்றார் அப்பா. "இனிமே இவளாண்டதான் குடுக்கணும்."

திரும்பும்போது அவர் ஓட்டினார். நான் பழைய பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் முதுகு வழக்கத்தைவிட அகலமாகத் தெரிந்தது. மனைக்கற்கள் இருந்த இடத்துக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினார்.

"நான் இன்னா சொன்னேன்? பதினெட்டு ஆவட்டும்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்கப்பா."

"அதையேதான் அவங்களும் போட்டுகீறாங்கோ. எம் பேச்சு அச்சுல வந்துகீது. அத என்னாண்டயே மாத்திப் படிச்சிகீற."

நான் அழுதேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "அழுதுகினே உக்காந்தா வண்டி ஆடுது" என்றார்.

அம்மா முழுக்கதையையும் கேட்டுவிட்டுச் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அப்ப பாத்திரமும் அதுல இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "பரவால்ல, கழுவு" என்றாள்.

அன்றோடு என் பதவிக்கு மேலே ஒரு மேலதிகாரி வந்துவிட்டார். தெருமுனை மெடிக்கல் ஷாப் அண்ணன். நான் எதைப் படித்தாலும் அம்மா முதலில் கேட்பாள்: "பேப்பர்ல கீதா, உன் வாயில கீதா?" பேப்பரில்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும், காய் வாங்கப் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வருவாள். பதினெட்டு முடிந்து முறையாக எட்டுப் போட்டு நான் லைசென்ஸ் வாங்கியபோது, அந்த அட்டையும் மெடிக்கலுக்குப் போய் வந்தது. "கரெக்டாதான் போட்டுகீதாம்" என்று சொல்லித்தான் அப்பா சாவியைக் கொடுத்தார். நான் பட்டம் வாங்கிய காகிதமும் அந்தக் கவுண்டரில் இருமல் மருந்துகளுக்கு நடுவில் சரிபார்க்கப்பட்டதுதான். இப்போது ஓர் அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்ப்பது என் வேலை. அம்மா இதைச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. சொல்லி முடிக்கும் முன்பே சிரித்துவிடுவாள்.

பிள்ளைகளைப் பெற்றோர் வண்டி ஓட்ட விடலாமா என்று அலுவலகத் தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள். அவள் மகன் பிளஸ் ஒன். வேண்டாம், பதினெட்டு ஆகட்டும் என்றேன். யார் சொன்னது என்றாள். எங்கப்பா என்றேன்.

அதிலிருந்துதான் இந்தக் கட்டுரை வந்தது. பத்திரிகைக்கு அனுப்பும் முன் இருவருக்கும் படித்துக் காட்டினேன். அப்பா டிவியைக் குறைத்துவிட்டுக் கேட்டார். அம்மா தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அரை மணி நேரம் கழித்து வந்தாள்.

"அண்ணன் படிச்சாரு. எல்லாம் சரியாத்தான் கீதாம்."

"பாத்தியாம்மா?"

"ஒரு கல்லுதான் சாச்சேன்னு எழுதிகீறியாமே."

டிவிக்குப் பக்கத்திலிருந்து அப்பா மூன்று விரலைக் காட்டினார்.

மேலே ஒரு கல் என்று போட்டிருக்கும். நீங்கள் தயவுசெய்து மூன்று என்று படித்துக்கொள்ளுங்கள்.