ஊழியர் எண் சொல்லி வேண்டுபவர்

பக்தர்களில் மனுதார பக்தர் என்று ஓர் இனம் உண்டு. நல்ல காலத்தில் இவரை அடையாளம் காண முடியாது. சம்பளம் தவறாமல் வந்துகொண்டிருக்கும் வரை, மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலையசைப்பதைப் போலக் கடவுளுக்கும் தலையசைத்துவிட்டுப் போவார். நின்று பேச நேரம் இருக்காது. பிறகு ஒருநாள், அலுவலகக் கூட்டத்தில் தேநீரோடு வரும் பிஸ்கட் வராது. அடுத்த வாரம் தேநீரும் வராது. அதற்கடுத்த வாரம் மேலாளர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்பார். அன்று மாலை வீடு திரும்பும் நம் ஆள், செருப்பைக் கழற்றிய கையோடு முகத்தைக் கழுவிக்கொண்டு, படுக்கையறை அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே போய்க் கண்ணை மூடி நிற்பார். இனம் பிறந்துவிட்டது.

கஷ்டம் வந்தால் கடவுளை நினைப்பது இயற்கைதானே, இதில் கேலிக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நினைப்பவரைப் பற்றி நான் எழுதவில்லை. விண்ணப்பிப்பவரைப் பற்றி எழுதுகிறேன்.

மற்றவர்கள் அழுவார்கள், புலம்புவார்கள், நீதான் காப்பாற்ற வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். மனுதார பக்தர் பொருள், பார்வை, விவரம், கோரிக்கை என்று முறையாகப் போவார். தம் பெயர், தந்தை பெயர், பிரிவு, பணியில் சேர்ந்த நாள், உரிமை இருந்தும் எடுக்காத விடுப்புகள் ஆகியவற்றை எடுத்துரைத்து, ஆள்குறைப்புப் பட்டியலில் தாம் இடம்பெறாமல் அருளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்வார். அப்படியானால் வேறு யார் இடம்பெறுவது? அதை அவர் சொல்லமாட்டார். யாருக்கும் கெடுதல் நினைக்கிறவர் அல்லர். முதுகுவலி என்று மாதத்தில் நான்கு நாள் வராத ஒருவர் சன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கிறார் என்ற தகவலை மட்டும் இணைத்துவைப்பார். தகவல்தானே? கோரிக்கை நிறைவேறினால் கோபத்தையும் மூன்றாவது காபியையும் விட்டுவிடுவதாக உறுதியளிப்பார். வேலை நிலைத்தது என்று எழுத்தில் கிடைத்த நாளிலிருந்து அந்த உறுதிமொழி நடைமுறைக்கு வரும். திங்கள்கிழமைதோறும் நினைவூட்டல் உண்டு. பதில் வரவில்லையென்றால் பரிசீலனையில் இருக்கிறது என்று பொருள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? ஆதாரம் இருக்கிறது. எனக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கிடங்குப் பொறுப்பாளர், தம் மனுக்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துத்தான் வாசிப்பார்; அந்த நோட்டின் நகல் என்னிடம் உள்ளது. அட்டைப்பெட்டி செய்யும் அவருடைய நிறுவனத்தில் நானும் பதினோர் ஆண்டுகள் இருந்தேன். சென்ற முறை ஆள்குறைத்தபோது, பணிமூப்பு விதி ஏழுக்கு முற்றிலும் முரணாக என் பெயரை முதலில் போட்டார்கள். அது வேறு விஷயம். அதற்குத் தனிக் கோப்பு இருக்கிறது. மனு எழுத எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதில் வராத நாற்பத்தாறு மனுக்கள் சொல்லித் தந்தன. அந்தத் தகுதியை முன்னிட்டே, பட்டியல் வெளியாக ஒரு வாரம் இருக்கையில், நோட்டைச் சரிபார்த்துத் தருமாறு அவர் மாடியேறி வந்தார்.

நிலைமை இதுதான். கிடங்குக்கு ஒரு பொறுப்பாளர், லேபிள் ஒட்டும் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் என்று இருந்தது. இனி இரண்டுக்கும் சேர்த்து ஒருவர் போதும் என்று புதிய முதலாளிகள் முடிவுசெய்திருந்தார்கள். ஒன்று இவர், இல்லாவிட்டால் லேபிள் பிரிவுப் பெண்மணி. இருவரும் ஒரே மேசையில் மதியம் சாப்பிடுகிறவர்கள். இவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதுக்காரரை வேலைக்கு எடுக்க யார் வாசலில் காத்திருக்கிறார்கள்? அந்தப் பெண்மணிக்கோ, கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பெண்கள்.

நோட்டில் இருந்த முப்பத்தொரு நாள் மனுக்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊழியர் எண்கூட நாள் தவறாமல் குறிப்பிடப்பட்டிருந்தது. அதைப் பற்றி வீட்டில் விவாதம் நடந்ததாக அவரே சொன்னார். "கடவுளுக்கு உங்க மூஞ்சி தெரியாதா? நம்பர் சொன்னாத்தான் தெரியுமா?" என்று மனைவி கேட்டிருக்கிறார். "எங்க கம்பெனியில என் பேர்ல மூணு பேரு இருக்காங்க. ஆள் மாத்திக் கொடுத்துட்டா நீயா பொறுப்பு?" என்று இவர் வாயை அடைத்திருக்கிறார்.

எதையும் மூலத்தோடு ஒப்பிட்டே நான் சரிபார்ப்பேன். மூலம் அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அடையாள அட்டையில் இருந்த எண் 2047. நோட்டில் முப்பத்தொரு நாளும் இருந்த எண் 1183.

ஆறு மாதங்களுக்கு முன் நிறுவனம் கைமாறியபோது எல்லோருக்கும் புது எண் கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தில் இவர் கை பழைய எண்ணையே எழுதிவந்திருக்கிறது. அந்தப் பழைய எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று போனவர், மறுநாள் மாலை வந்து, நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

லேபிள் பிரிவுப் பெண்மணியிடம் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் அந்த அட்டையை இவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவரே பேச்செடுத்தாராம். "என்னன்னு தெரியல அண்ணா, ஒரு மாசமா மனசு லேசா இருக்கு. நல்லாத் தூக்கம் வருது. யாரோ நமக்காகப் பார்த்துக்கறாங்கன்னு தோணுது." இவருக்குப் புரையேறியது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்ததும் அவர்தான்.

திருத்த மனு ஒன்று வேண்டும் என்றார். எழுதித் தந்தேன். முறைப்படி எழுதினால் அதில் ஒரு வரி தவிர்க்க முடியாதது: எண் 1183-இன் பேரில் இதுவரை அளிக்கப்பட்ட மனுக்கள் அனைத்தும் இதனால் திரும்பப் பெறப்படுகின்றன. அந்த வரி இல்லாவிட்டால், ஒரே இடத்தை இரண்டு பேருக்குக் கேட்டதாக ஆகிவிடும். அப்படிப்பட்ட மனுவை எந்த அலுவலகமும் கையால் தொடாது.

மறுநாள் காலை அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே நின்று வாசித்திருக்கிறார். பொருளை வாசித்தார், பார்வையை வாசித்தார், அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். பிறகு நடந்ததை அவர் மனைவி எனக்குச் சொன்னார்.

"ஏங்க, என்ன ஆச்சு? கண்ணாடி வேணுமா?"

"கண்ணாடி போட்டுத்தான் இருக்கேன். இந்த வரி வாயில வர மாட்டேங்குது."

"அப்ப அதை விட்டுட்டு மிச்சத்தை வாசிங்க."

"விட்டா மனு செல்லாது."

"செல்லாட்டிப் போகுது. வேலைக்கு நேரமாச்சு, கிளம்புங்க."

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே. முதுகுவலிக்காரரை முப்பத்தொரு நாள் எழுத்தில் காட்டிக்கொடுத்த மனிதருக்கு, அச்சுப்போல எழுதித் தந்த ஒரு வரியை வாசிக்க வரவில்லை. முதுகுவலிக்காரர் வேறு மேசையில் சாப்பிடுகிறவர். காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, போகவேண்டியவர்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். பெயர் போட்டால் மனது கஷ்டப்படுமாம், குடும்பம் அல்லவா? 2047 இருந்தது. 1183 இல்லை.

அன்று மாலை நேராக என் வீட்டுக்கு வந்தார். மேல்முறையீட்டுக்கு வெள்ளைத்தாள் எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. நோட்டை மேசைமேல் வைத்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த முகம் அதுவல்ல.

"சார், பார்த்தீங்களா? போய்ச் சேர்ந்திருக்கு."

"எது?"

"மனுதான். எந்த நம்பருக்கு எழுதினேனோ அந்த நம்பருக்கு அப்படியே நடந்திருக்கு. ஒரு எழுத்து மாறல சார்."

பதினெட்டு ஆண்டுகளில் அவர் கொடுத்த எந்த விண்ணப்பத்தின் மீதும், கிடங்குக்கு மின்விசிறி கேட்டதன் மீதுகூட, இவ்வளவு துல்லியமான நடவடிக்கை எடுக்கப்பட்டதில்லை. நான் வெள்ளைத்தாளை எடுத்த இடத்தில் திருப்பி வைத்தேன்.

விடைபெறும்போது லேபிள் பிரிவுப் பெண்மணி அழுதாராம். உங்களுக்காகத் தினமும் வேண்டிக்கொள்கிறேன் அண்ணா என்றாராம். இவர் பழக்கதோஷத்தில் எண்ணைக் காட்டக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோயிருக்கிறார். அட்டையை அப்போதே வாங்கிவைத்துக்கொண்டிருந்தார்கள். "பேரைச் சொன்னாப் போதும்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். யார் எண் யாருக்குப் போனது என்பதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. காலையில் இப்போதும் சன்னலருகே நிற்கிறார், நோட்டு இல்லாமல். வேலை இன்னும் கிடைக்கவில்லை.

என் கோப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு மனுக்களிலும் ஊழியர் எண் சரியாகவே இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

இதைப் படிக்கும்போது நடுவில் எங்காவது உங்கள் கை உங்கள் அடையாள அட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்திருந்தால், கூச்சப்பட வேண்டாம். நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர், அவ்வளவுதான். தொடவில்லையா? நான் யாரிடமும் மனுப் போட்டதில்லை, சென்ற பட்டியலில் என் திறமையால் தப்பித்தேன் என்கிறீர்களா? மிகவும் நல்லது. உங்கள் எண் உங்களுக்கு முன்னால் யாரிடம் இருந்தது என்று மட்டும் ஒருநடை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.