படத்துக்கும் பாடத்துக்கும் ஒரு கால்

"இனி என் நோட்டீஸில் படம் கிடையாது!" என்று ஒரு திங்கட்கிழமை காலை காப்பிக் கோப்பையை மேஜையில் ஓங்கி வைத்து அறிவித்தேன். கோப்பை உடனே உடைந்தது. அறிவிப்பு சாயங்காலம்வரை தாங்கியது.

என் மனைவி தியோலிந்தா ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள்.

"சரியா?"

"சரிதான். எழுதறவன் நீ. உன் இஷ்டம்."

நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். சர்வாதிகாரி காலத்து ரகசியப் போலீஸுக்குத் தண்ணி காட்டியவன் நான். இரண்டு தடவை சிறைக்குப் போனவன், படித்ததெல்லாம் அங்கே கைமாறி வந்த துண்டறிக்கைகளில்தான். ஆனால் ஒரு 'சரி'க்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று எந்தத் துண்டறிக்கையும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

லிஸ்பனுக்கு எதிர்க்கரையில், ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய எட்டு மாடிக் கட்டடங்களில் ஒன்றில் இருக்கிறோம். ஆலையை மூடிவிட்டார்கள். எங்களை மூட மறந்துவிட்டார்கள். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் அபிலியோ, அதாவது நான். செயலாளரும் நான், பொருளாளரும் நான். புரட்சி வந்த வருஷம் சங்கக் கூட்டத்தில் நிற்க இடம் இருக்காது. பிறகு புரட்சி ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. மற்றவர்கள் கால்பந்து பார்க்கப் போய்விட்டார்கள். நானும் ஒரு பழைய சைக்ளோஸ்டைல் மெஷினும் மிச்சம்.

நான் எழுதுவேன். தியோலிந்தா ஸ்டென்சில் தாளில் பின்னல் ஊசியால் கீறிப் படம் போடுவாள். தலைமறைவுக் காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. நான் பாடம் எழுதினேன், ஜனங்கள் படம் பார்த்தார்கள். படத்துக்கும் பாடத்துக்கும் ஒரு கால்தான் வித்தியாசம். அந்தக் காலை என் மனைவி வாழ்நாள் முழுக்க வாரிக்கொண்டிருந்தாள். அரசாங்கத்தின் வரி என்றால் எல்லோரும் கூர்ந்து பார்க்கிறார்கள். என் வரியைச் சீந்த ஆளில்லை.

அந்த இளவேனிலில் விஷயம் முற்றிவிட்டது. பஸ் வருவதில்லை என்று ஒரு நோட்டீஸ் எழுதினேன். "பஸ் எங்கள் வாசலுக்கு வர வேண்டும்!" என்பது கோரிக்கை. கீழே, வழக்கம்போல என் கடைசி வரி: "முன்னேறு! திரும்பிப் பார்க்காதே!" முப்பது வருஷமாக அந்த வரி இல்லாமல் என் நோட்டீஸ் ஒன்றுகூட வெளியே போனதில்லை. தியோலிந்தா குறும்பாக, பஸ் எங்கள் கட்டடத்துப் படியில் ஏறுகிற மாதிரி படம் போட்டாள். மறுநாள் காலை பஸ் படியேறி வந்து தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றது. ஓட்டுநர் இறங்கி, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஆளில்லாமலே பஸ் மறுபடி கிளம்பிப் பின்வாசல் வழியாக நேரே போனது. போனது போனதுதான். கம்பெனி இன்னும் தேடுகிறது.

"பிரேக் கோளாறு," என்றேன். நான் பொருள்முதல்வாதி.

அடுத்தது தண்ணீர் நோட்டீஸ். குழாயிலிருந்து மத்தி மீன் கொட்டுகிற மாதிரி படம். மறுநாள் எட்டு மாடியிலும், எல்லா வீட்டுக் குழாயிலும் மத்தி. உயிரோடு. அவை தொட்டியிலிருந்து எகிறிக் குதித்து, வரிசையாகப் படியிறங்கி, ஆற்றைப் பார்த்துப் போய்விட்டன. இரண்டாம் மாடி தோனா எர்மீனியா கையில் வாணலியோடு தெருமுனைவரை துரத்திக்கொண்டு ஓடினாள்.

"சென்யோர் அபிலியோ!" என்று மூச்சிரைக்க வந்தாள். "அடுத்த தடவை அந்தத் திரும்பிப் பார்க்காதே மட்டும் வேணாங்க. ஒரு மீன்கூட நிக்கலை! எண்ணெய் காஞ்சதுதான் மிச்சம்."

"அது கொள்கை வரி, தோனா எர்மீனியா."

"கொள்கையை வறுக்க முடியுமா? படம் மட்டும் பிரமாதம். உங்க வீட்டம்மா கைக்கு முத்தம் குடுக்கணும்."

பாருங்கள். கோரிக்கை என்னுடையது, முத்தம் அவளுக்கு.

அன்று மத்தியானம் தியோலிந்தா அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அபிலியோ, ஒண்ணு கேப்பேன். கத்தாம கேளு."

"நான் எப்போ கத்தினேன்?" என்று கத்தினேன்.

"நம்ம பையனைப் பத்தி ஒரு நோட்டீஸ் எழுது."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன்.

"நான் தனியா வரைஞ்சு பாத்துட்டேன். ரொட்டிப் பை, காலண்டர் பின்பக்கம், எல்லாத்துலயும் வரைஞ்சேன். ஒண்ணும் நடக்கலை. உன் எழுத்துக்குக் கீழ இருந்தாத்தான் நடக்குது."

என் எழுத்துக்கு அவள் கொடுத்த முதல் பாராட்டு அது. அதை அனுபவிக்கிற நிலையில் நான் இல்லை.

"ஒரு தடவை மூஞ்சியைப் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம். கப்பல்ல போனப்பவும் பாக்கலை, பெட்டியில வந்தப்பவும் பாக்கலை."

எங்கள் ஒரே மகன் லிபெர்த்தோ. விடுதலை பெற்றவன் என்று அர்த்தம். நான் வைத்த பெயர். அந்தப் பெயரைச் சீருடையில் தைத்து, எங்கள் ஆப்பிரிக்கக் காலனியான கினியாவில் இன்னொருவன் விடுதலையைத் தடுக்க அனுப்பினார்கள். துறைமுகத்தில் கப்பல் நகர்ந்தபோது மேல்தட்டு முழுக்க ஒரே மாதிரித் தொப்பி. எல்லாத் தொப்பிக்கும் அவள் கையசைத்தாள். திரும்பி வந்த பெட்டியை ஈயம் உருக்கி ஒட்டியிருந்தார்கள். திறக்கக் கூடாது என்று உத்தரவு.

"செத்த பிள்ளையை லிஃப்ட் ரிப்பேருக்குப் பக்கத்துல ஒட்டறதா?" என்றேன். "எத்தனை வீட்டுப் பிள்ளைங்க போனாங்க! நம்ம வீட்டுத் துக்கத்துக்கு மட்டும் தனி நோட்டீஸா? முடியாது."

சொன்னது அது. சொல்லாதது, அந்தப் பெயரை என் கை எழுதாது என்பது. பெட்டி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெயரை நான் உச்சரித்ததில்லை.

மறுநாள் காலைதான் கோப்பையை உடைத்தேன். படமே இல்லையென்றால் கேள்வியே இல்லை. என்னே என் ராஜதந்திரம்!

அன்று மத்தியானம் கீரை ஆய்ந்துகொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் தியோலிந்தா சொன்னாள்:

"வட்டார மன்றத்துல நம்ம தெருமுனையில ஒரு கல்லு நடப்போறாங்களாம். எர்மீனியா சொன்னா."

"என்ன கல்லு?"

"நம்ம பையன் பேர்லதான். 'தாய்நாட்டுக்காக மனமுவந்து உயிர் கொடுத்த வீரன் லிபெர்த்தோ'ன்னு."

"மனமுவந்தா?"

"அப்படித்தான் சொன்னா. நல்ல வார்த்தைதானே?"

"நல்ல வார்த்தையா! அவன் குடுக்கலைடி, புடுங்கினாங்க! இதைச் சும்மா விடறதா? எங்க என் பேனா?"

பேனா என் முன்னால் இருந்தது. மை நிரப்பியிருந்தது. பக்கத்தில் தாளும் இருந்தது. இதையெல்லாம் நான் பிறகுதான் யோசித்தேன்.

பொழுது சாயும்வரை எழுதினேன். லிபெர்த்தோ என்ற பெயரைக் கை எழுதியது. கோபம் ஓட்டிக்கொண்டு போனதால் கைக்கு நின்று அழ நேரமில்லை. அவன் உயிர் கொடுக்கிற பேர்வழியா? ரொட்டியின் முனையைக்கூட யாருக்கும் கொடுக்காதவன் அவன்! கடையிலிருந்து வருகிற வழியிலேயே மொறுமொறு முனையைக் கடித்துவிட்டு, எலி என்பான். படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவான். கையைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டான். இடது காது பிறக்கும்போதே மடங்கியிருந்தது, அதை மறைக்கத் தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாருவான், தெருமுனை போவதற்குள் காய்ந்து காது வெளியே வந்துவிடும். இப்படிப்பட்டவன் மனமுவந்து போனானா என்று வட்டார மன்றத்தைக் கேட்டேன். முடிவில் என் கடைசி வரி. என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல நோட்டீஸ் அது. இதை எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன்.

தியோலிந்தா படித்தாள். மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் என்றாள். வீட்டில் வெங்காயம் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா அவங்க கல்லுல சிலையே செதுக்கறாங்களாம். துப்பாக்கி, ஹெல்மெட், மெடல். ஜனங்க அதைத்தான் பாப்பாங்க. உன் எழுத்தை யார் நின்னு படிக்கப்போறா? பாவம்."

"பாவமா? நீயும் ஒரு படம் போடு!"

"படம் கிடையாதுன்னு காலையில சொன்னியே?"

"அது காலையில!"

"அப்போ நீயே கேக்கறே. நான் கேக்கலை."

"நான்தான் கேக்கறேன், போடு!"

போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை தபால் பெட்டிகளுக்கு மேலே இருந்த பலகையில் ஒட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரசிக்கப் போனேன். லிபெர்த்தோ. துப்பாக்கியும் இல்லை, தொப்பியும் இல்லை. பையில் கைவிட்டுக்கொண்டு நடந்து வருகிறான். பெரிய படம். தலையிலிருந்து பூட்ஸ்வரை. பூட்ஸ் இருந்த இடத்தில்தான் என் கடைசி வரி இருக்க வேண்டும்.

"தியோலிந்தா! என் வரி எங்கே?"

"எந்த வரி?"

"முன்னேறு! திரும்பிப் பார்க்காதே!"

"இடம் பத்தலை."

"முப்பது வருஷமா பத்தின இடம்!"

"அவனுக்குக் கால் வைக்க இடம் வேணாமா? காலை வெட்டிடட்டுமா?"

வரி இல்லாத நோட்டீஸ் ஒன்றை உருவிக்கொண்டு நேரே வட்டார மன்றத்துக்குப் போனேன். மேஜையைத் தட்டினேன். "அந்தக் கல்லை நட்டால் நான் அதன்மேல் படுப்பேன்," என்றேன். குமாஸ்தாப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்தக் கல்லு சென்யோர்?" என்றாள். உள்ளே போய் விசாரித்தாள். திரும்பி வந்தாள். கல் கிடையாது. சிலை கிடையாது. எர்மீனியா என்ற பெயரை அந்த அலுவலகம் கேள்விப்பட்டதே இல்லை.

வெளியே வந்து நின்றேன். ஒவ்வொன்றாகப் புரிந்தது. மை நிரப்பிய பேனா. கீரை. பூட்ஸ். போலீஸ்காரர்கள் அடித்துக் கேட்டும் என்னிடமிருந்து ஒரு பெயரை வாங்க முடியவில்லை. இவள் கீரை ஆய்ந்தே வாங்கிவிட்டாள்.

எனக்குக் கொள்கை உண்டு. பேனாவைத் திறந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். பூட்ஸுக்குப் பக்கத்தில் ஒரு நூல் இடம் இருந்தது. பொடி எழுத்தில் எழுதினால் என் வரி நுழைந்துவிடும்.

தியோலிந்தா பலகைக்கு எதிரே, வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நல்ல உடுப்பு. மடியில் ஒரு முழு ரொட்டி. என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"எழுதேன்," என்றாள். "யாரு தடுக்கறா?"

"எழுதத்தான் போறேன்."

"எழுது. மத்தி மாதிரி நேரா ஆத்துக்குப் போயிடுவான். நான் முதுகைப் பாத்துக்கறேன். தொப்பியைப் பாத்தவ, முதுகைப் பாக்கமாட்டேனா?"

பேனா முனை தாளைத் தொட்டது. ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளி இன்னும் இருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. மூடியைத் திருகிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அஞ்சு மணி பஸ் அன்று சரியாக வந்தது. அவன் மட்டும் இறங்கினான்.

பையில் கை. இடது காது வெளியே. எங்களுக்கு வயதாகிவிட்டது என்பதைப் பார்க்காதவன்போல, நேற்றுத்தான் வேலைக்குப் போனவன்போல வந்தான். தியோலிந்தா ரொட்டியை நீட்டினாள். முனையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"எலி," என்றான்.

பிறகு பலகைக்கு முன்னால் போய் நின்றான். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கூட்டத்தில், நீதிமன்றத்தில், சிறையில் எங்கேயும் அப்படி அடித்ததில்லை. படி மகனே. உன் அப்பன் எழுதியது. உன் பெயர் இருக்கிறது, பார். நான் அவனுக்கு நேர் பின்னால் நின்றேன். அந்த ஈரத் தலைமுடி வாசனை வந்தது. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றான். தோள் குலுங்கச் சிரித்தான். தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அப்புறம் நடந்தான். கட்டடத்தைச் சுற்றி, காய்கிற துணிகளுக்கு அடியில் குனிந்து, முனைவரைக்கும் போனான். கூப்பிடத் தோன்றியது. தியோலிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முனையில் நின்றான். திரும்பிப் பார்த்தான்.

அந்த முகத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவள் பார்த்தாள். வேண்டிய மட்டும் பார்த்தாள். பிறகு அந்த முனையில் யாரும் இல்லை.

வெகுநேரம் பெஞ்சிலேயே இருந்தோம். மடியில் முனை பிட்ட ரொட்டி. கடைசியில் நான்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"படிச்சானா?"

"படம் பாத்தான்," என்றாள்.