வேர் ஒன்று, நுனி ஒன்று

“அண்ணி, இஸ்திரிப் பெட்டிய கீழ வைங்க. அது எம் பொண்ணு தலை, ஸ்கூல் யூனிபார்ம் இல்ல.”

“யூனிபார்ம் மாதிரி நேரா நிக்கணும்னுதானே இவ்ளோ பாடு. பலகையில தலைய வச்சி, மேல ஈரத்துணி போட்டு, ஒரே இழுப்பு. வேலை முடிஞ்சிது.”

“பார்லர்க்காரம்மா என்னா சொன்னாங்க? சூடு காட்னா கருகிப்பூடும்னாங்களா இல்லியா?”

“அவங்களுக்கு என்னா, ஏசியில ஒக்காந்துகினு சொல்லுவாங்க. ஆவணி பொறந்தா பூ வைக்க வர்றாங்களே, அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

இந்த இடத்தில்தான் நான் என் வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு எதிர்வீட்டுக்குள் நுழைந்தேன். ஒட்டுக் கேட்பதற்காக அல்ல. சத்தம் உப்பளம் வரை கேட்டதால் ஒட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உள்ளே அமுதவல்லி மகளின் தலையை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் புருஷனின் அக்கா அருக்காணி, சூடான இஸ்திரிப் பெட்டியோடு எதிரே நின்றிருந்தாள். பெட்டியின் சுவிட்சை நான்தான் அணைத்தேன்.

மனிதகுலத்தின் நாகரிகம் நெருப்பைக் கண்டுபிடித்ததில் தொடங்கியது என்று சொல்லுவார்கள். மரக்காணத்தில் எங்கள் தெருவின் நாகரிகம் நெருப்பைக் கைவிட்ட அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது. அதன் பிறகு அந்தத் தெரு செய்து முடித்த காரியத்தை நாடு இன்னும் சரியாக உணரவில்லை. உணர்த்துவது என் கடமை.

விஷயம் இதுதான். அமுதவல்லியின் மகள் தமிழ்நிலா, திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கெட்டிக்காரி. ஒரே குறை, அப்பா சகாதேவனின் முடி. உப்பு மூட்டை ஏற்றும் ஆட்டோ ஓட்டும் சகாதேவனுக்குத் தலை முழுக்கச் சுருள். மழை பெய்தால் உச்சந்தலை நனையாது. அதே சரக்கு அப்படியே மகளுக்கும் இறங்கியிருந்தது. சித்திரையில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், அமுதவல்லி அவளைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் முடியை ‘நேர் செய்து’ கொண்டுவந்தாள். மருந்து போட்டு நீட்டிய முடி. நிலா நடந்து வந்தபோது மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து இறங்குவது போல முடி இறங்கியது. தெருவே வாசலில் நின்று பார்த்தது.

பெருமுக்கல்லிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா சூர்யகலா, பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைப் பார்த்தார். பார்த்து, அங்கேயே சம்மதம் சொன்னார். அவருக்கு ஒரு ‘ஆராய்ச்சி முடிவு’ இருந்தது: சுருட்டை முடிக்காரி சொன்ன பேச்சு கேட்க மாட்டாள். மூத்த மருமகள் சுருட்டை. தனிக்குடித்தனம் போய்விட்டாள். இதற்கு மேல் ஆதாரம் கேட்பவன் அறிவிலி.

அதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி ஒருவர் காலமானார். தீட்டு என்று தள்ளிப்போட்டார்கள். பிறகு ஆடி வந்தது, இன்னும் தள்ளியது. பங்காளி சாவுக்காகக் கல்யாணம் நின்றது. முடி நிற்கவில்லை. அதற்குத் தீட்டும் தெரியாது, ஆடியும் தெரியாது. மூன்று விரற்கடை உயரத்துக்குப் பழைய சுருள் வேரிலிருந்து கிளம்பி வந்தது. மேலே சகாதேவன், கீழே பார்லர். ஒரே தலையில் இரண்டு குடித்தனம்.

பார்லரில் கேட்டதற்கு, முழுசாக ஆறு மாதம் ஆகாமல் மறுபடி மருந்து போட்டால் கையோடு வந்துவிடும், சூடு காட்டவும் கூடாது என்றார்கள். சவுரி வைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பூ வைப்பதென்றால் சும்மா தட்டைக் கொடுத்துவிட்டுப் போவதல்ல. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தங்கள் கையால், பூ வைக்காத தலையில், பின்னலைப் பிரித்துச் சொருகி வைக்க வேண்டும். சூர்யகலாவின் விரல் சவுரியில் பட்டால் கல்யாணம் அந்தத் தட்டோடு திரும்பிவிடும்.

ஆக, சூடு இல்லாமல், சவுரி இல்லாமல், ஆவணி வரை ஒரு தலையைச் சமாளிக்க வேண்டும். இதற்கென ஒரு கமிட்டி அமைந்தது. தலைவி அருக்காணி. உறுப்பினர், மூன்றாவது வீட்டு லட்சுமியம்மாள். நான் பார்வையாளர் என்ற முறையில் எல்லாக் கூட்டத்துக்கும் தவறாமல் போனேன். தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. தலைக்குச் சொந்தக்காரி அந்த நேரங்களில் வேலைக்குப் போயிருப்பாள்.

முதலில், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னுவது என்று முடிவானது. அருக்காணி பின்னிய இறுக்கத்தில் நிலாவின் கண்கள் காது வரை நீண்டன. கடைக்கு வந்தவர்கள் அவளை மணிப்பூர்ப் பெண் என்று நினைத்து இந்தியில் விலை கேட்டார்களாம். ஆனால் கடல்காற்று யார் சொல்லையும் கேட்காது. பஸ் ஸ்டாண்டு போவதற்குள் நெற்றியோரம் ஒவ்வொன்றாகச் சுருண்டு எழுந்து நின்றது. அடுத்து, குளித்த ஈரத்தோடு முடியைத் தலையைச் சுற்றி வழித்துப் படியவைத்து, நைலக்ஸ் புடவைத் துணியால் கட்டிவைப்பது. இது நன்றாகவே வேலை செய்தது என்று பதிவு செய்ய விரும்புகிறேன். சோறு வடிக்கும் ஆவி பட்டவுடன் பதிவை நீக்க வேண்டியதாகிவிட்டது.

இதற்கிடையே லட்சுமியம்மாள் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தாள். மகளின் தலையை மறைக்கலாம், அப்பாவின் தலையை என்ன செய்வது? பெண் பார்க்க வந்தன்று சகாதேவன் வண்டிக்குப் போயிருந்தான். பூ வைக்கும் நாளில் அவன் வாசலில் நின்று வரவேற்றால், எல்லாக் கேள்விக்கும் அந்தத் தலையே பதில் சொல்லிவிடும்.

“என் முடி யார இன்னாக்கா பண்ணுச்சி?” என்றான் சகாதேவன்.

“அது சாட்சி, தம்பி,” என்றாள் அருக்காணி.

சாட்சி மேல்மலையனூரில் இறக்கப்பட்டது. மகள் கல்யாணத்துக்கு வேண்டுதல் என்று வெளியே சொல்லிக்கொண்டோம். அங்காளம்மன் இதற்கு முன் இப்படிப்பட்ட காரணத்துக்காக முடி வாங்கியிருக்க மாட்டாள்.

எங்கள் தெருவின் மணிமகுடமான முயற்சி இதற்குப் பின்தான் வருகிறது. அருக்காணி போனில் ஒரு வீடியோ பார்த்தாள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண், கடல் உப்புத் தண்ணீரைத் தலையில் தெளித்துக் கசக்கினால் வேரும் நுனியும் ஒன்றாகக் கலந்து தெரியும் என்றாள். அதை அங்கே சின்ன பாட்டிலில் அடைத்து விற்கிறார்களாம். உப்புத் தண்ணீரைக் காசுக்கு வாங்கும் ஜனங்களை நினைத்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அருக்காணி ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். கடல் தண்ணீர் நீர்த்துக் கிடக்கும், பாத்தியில் கெட்டிப்பட்டதுதான் நயம் சரக்கு என்று அங்கிருந்து மொண்டு வந்தாள்.

எங்கள் தெருவில் அந்தப் பாத்தியில் கால் வைக்காத பெண் கிடையாது. அந்தத் தண்ணீர் வெயிலில் என்ன ஆகும் என்று தெரியாத பெண்ணும் கிடையாது. அதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் பாத்தியில் இருப்பது வேறு, போனில் சொன்னது வேறு என்று எல்லாரும் மனதார நம்பினோம். குடத்தைக் கவிழ்த்து, கசக்கி, சீக்கிரம் காயட்டும் என்று நிலாவைத் தோட்டத்து வெயிலில் உட்கார்த்தி வைத்தோம்.

அவள் தலையில் உப்பு பூத்தது.

நல்ல வெள்ளை உப்பு. பரல் பரலாக. லட்சுமியம்மாள் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, “இன்னும் செத்த நேரம் போனா வாரிடலாம். உப்புப் பலகைய எடுத்தாரட்டுமா?” என்றாள். அலசும்போது முடி கொத்துக் கொத்தாக அறுந்து வந்தது. நிலா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே வேறு சத்தமும் கேட்டது. கமிட்டி அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

இந்தக் குடம் அருக்காணியின் யோசனை என்பதை மறுபடி நினைவூட்டி, அவள் மகள் இலக்கியாவுக்கு இடுப்பு வரை கோடு போட்ட மாதிரி நேர்முடி என்பதையும் சொல்லிவைக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிலா தானாக ஒரு காரியம் செய்தாள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு, முடி முழுவதையும் சின்னச் சின்னப் பின்னல்களாகப் போட்டாள். நன்றாகக் காய்ந்ததும் பிரித்துவிட்டாள். தலை முழுக்க ஒரே நெளி. வேர் எது, நுனி எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“மேல இருக்கறத கீழ மாதிரி ஆக்கத்தானே முடியல,” என்றாள். “கீழ இருக்கறத மேல மாதிரி ஆக்கிட்டேன். சூடும் வேணாம், சவுரியும் வேணாம். அவங்ககிட்ட நானே சொல்லிடறேன்.”

பார்க்க நன்றாகவே இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. அமுதவல்லிகூட ஒரு நெளியை விரலில் சுற்றிப் பார்த்தாள். ஆனால் பொறுப்பில் உள்ளவர்கள் அழகுக்கு மயங்கலாமா?

“அழகாத்தாண்டி இருக்குது,” என்றாள் அருக்காணி. “ஆனா உண்மையா இருக்குதே.”

மேற்படி யோசனை ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது.

பூ வைக்கும் நாள் வந்தது. விடியற்காலையிலிருந்து கற்றாழைச் சோற்றை மசித்து, பூசிப் பூசி, சீப்பால் வழித்து, நிலாவின் முன்தலையைக் கடப்பா கல் போல ஆக்கியிருந்தோம். அசையாதே, வியர்க்காதே, சிரிக்காதே என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. அவள் சிரிக்கிற நிலையில் இல்லை.

சூர்யகலா தட்டு வரிசையோடு வந்திறங்கினார். மொட்டைத் தலையோடு கைகூப்பிய சகாதேவனைப் பார்த்துத் திடுக்கிட்டு, “வீட்ல யாராவது தவறிட்டாங்களா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். மாப்பிள்ளை பரத்தும் வந்திருந்தார். பூ வாங்கக் காலையிலேயே பாண்டிக்குப் போய்விட்டு நேராக வந்தாராம். கூடை நிறைய மல்லி. அந்த மல்லியையும் மீறி அவரிடமிருந்து ஒரு வாசனை வந்தது. பாண்டிக்குப் போன ஆம்பிளை வெறும் பூவோடா திரும்புவான் என்று தெரு பெருந்தன்மையோடு மூக்கைத் திருப்பிக்கொண்டது.

சூர்யகலா நிலாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, பூவைச் சொருகப் பின்னலுக்குள் விரலை விட்டார். கற்றாழை காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்தது. விரல் மெதுவாக மேலே போனது. நின்றது. கீழே வந்தது. மறுபடி மேலே போனது.

“என்னாம்மா இது, வேரு ஒண்ணா இருக்குது, நுனி ஒண்ணா இருக்குது?”

“உப்புக்காத்துங்க,” என்றாள் அமுதவல்லி.

“எது உப்புக்காத்து?” பரத் எழுந்து நின்றார். நிற்பதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். “தலைய நனைச்சிட்டு வரச் சொல்லும்மா. பாத்துடலாம்.”

அது நியாயமான கோரிக்கை என்று பெரியவர்கள் முகத்தில் தெரிந்தது. தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து நீட்டியது அருக்காணி. அவசரத்துக்கு ஓடிவருவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

நிலா சொம்பை வாங்கினாள். எழுந்து உள்ளே போகவில்லை. பட்டுப்புடவையோடு, பாயில் உட்கார்ந்தபடியே, தலையில் கவிழ்த்துக்கொண்டாள். கற்றாழை வழிந்து இறங்கியது. நாங்கள் இத்தனை நாள் அமுக்கி வைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருண்டு எழுந்தது. அவள் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

“பாத்துக்குங்க. இதான் என் தலை. நீங்க வாசப்படி ஏறும்போதே எனக்கு வாசனை வந்திச்சி. நான் உங்கள வாய் கொப்பளிச்சிட்டு வரச் சொல்லல.”

அமுதவல்லி மகளை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே முந்தானையை எடுத்து மகளின் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். சகாதேவன் வாசற்கதவை அகலத் திறந்து வைத்தான். வந்தவர்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

சொன்ன பேச்சு கேட்காத முடி என்பது நிரூபணமாகிவிட்டது என்று தெருவில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மாப்பிள்ளையைப் பற்றி அவள் சொன்னதை யாரும் பேசவில்லை. அது விசேஷ வீட்டில் பேசுகிற பேச்சா?

கொண்டுவந்த தட்டோடு திரும்புவது அபசகுனம் அல்லவா. அருக்காணி அதே தெருவில் இருந்த தன் வீட்டு வாசலில் நின்று, வந்தது வந்துவிட்டீர்கள், ஒரு வாய் காபியாவது குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். காபி கொண்டுவந்த இலக்கியா அப்போதுதான் தலைக்குக் குளித்து முடியை விரித்துப் போட்டிருந்தாள். தற்செயல்தான். சூர்யகலா விரலை விட்டுப் பார்த்தார். வேரிலிருந்து நுனி வரை தடையில்லாமல் ஓடியது. அந்த மல்லி வாடுவதற்குள் இந்தத் தலையில் ஏறிவிட்டது. ஆவணியிலேயே முகூர்த்தம்.

நிலா நீட்டிய முடி அத்தனையையும் கழுத்தோடு வெட்டிவிட்டாள். பொம்மையார்பாளையத்தில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்து அங்கேயே குடிபோய்விட்டாள். கல்யாணம் எப்போது என்று கேட்டேன். உங்களுக்குத்தான் முதலில் சொல்வேன் என்று சிரித்தாள். அமுதவல்லியும் சகாதேவனும் மாதத்தில் பாதி நாள் அங்கேதான். எதிர்வீடு பூட்டிக் கிடப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

இலக்கியா பொங்கலுக்கு முன்பே ஒரு நாள் பெருமுக்கல்லிலிருந்து தனியாக வந்து இறங்கினாள். இடது காதுக்கு மேலே, பிடித்து இழுத்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. விஷயம் தெரிந்து நிலா போன் செய்து, இங்கே வந்துவிடு, ரூமில் இடம் இருக்கிறது என்றாளாம். அருக்காணி போனைப் பிடுங்கி வைத்தாள். அன்றைக்கே கமிட்டி கூடியது. எங்கள் அனுபவம் வீண்போகவில்லை. வகிட்டை மாற்றி எடுத்து, வலப்பக்கத்து முடியை இழுத்து வந்து இடப்பக்கம் படியவைத்துப் பின்னினால் அந்த இடம் மறைந்துவிடுகிறது. சூடு வேண்டாம், சவுரி வேண்டாம்.

சாயங்காலம் பெருமுக்கல் போகும் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு, தெருவே நின்று பார்த்தோம். ஜன்னல் வழியாக இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.