கடன் கிடைத்ததற்குப் பாயசம் வைத்தவள்

உலகத்தில் கடன் வாங்கியவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். கடன் கிடைத்தது என்பதற்காகப் பாயசம் வைத்தவள் ஒருத்திதான். அவளோடு ஒரே சமையலறையில் ஒரு வருஷம் குப்பை கொட்டியவள் நான்.

இரண்டாயிரங்களின் நடுவில், மதுரையிலிருந்து முதுகலை படிக்க நார்வேயின் ஒஸ்லோவுக்குப் போயிருந்தேன். மாணவர் விடுதியில் ஆறு அறைக்கு ஒரு சமையலறை. எதிர் அறையில் அவள். பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள், அவள் பிறந்து வளர்ந்தது அதே நாட்டில் பேர்கன் என்ற ஊரில். நர்ஸிங் படிக்க வந்திருந்தாள். முதல் வாரமே, நான் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது கதவு சுவரில் மோத ஓடிவந்தாள்.

"அக்கா! கடனுக்கு விண்ணப்பம் எடுக்கத் தொடங்கிட்டாங்கள்!"

"அதுக்கு ஏன்டி இந்தக் குதி குதிக்கிறே, கடன்காரி?"

எங்கள் ஊரில் அது திட்டு. அவளோ பட்டமளிப்பு விழாவில் பெயர் வாசித்த மாதிரி பூரித்துப்போனாள். அன்றே அதை நார்வே எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். விடுதிப் பையன்கள் அதுதான் குடும்பப் பெயர் என்று நம்பி, "ஹை, கடன்காரி" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

நார்வேயில் மேல்படிப்புக்கு அரசாங்கமே கடன் தரும். பெற்றோர் வீட்டில் இல்லாமல் தனியே தங்கி, பரீட்சையிலும் தேறினால், அதில் ஒரு பகுதி திருப்பித் தரவேண்டாத உதவித்தொகையாக மாறிவிடும். இந்த விதியைப் படித்த அன்று அவள் நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

"வீட்டை விட்டு வெளியிலை இருக்கிறதுக்குக் காசு தாறாங்கள், அக்கா!"

"எங்க ஊர்ல வீட்டை விட்டு வெளியே இருந்தா உதைதான் கிடைக்கும்."

விண்ணப்பத்தை மூன்று பிரதி எடுத்தாள். ஒன்று பழக, ஒன்று பிழைவிட, ஒன்று அனுப்ப. கையெழுத்து நன்றாக அமையவேண்டும் என்று என் நோட்டில் நாற்பது பக்கம் போட்டுப் பார்த்தாள். தினமும் மத்தியானம் ஏதாவது சந்தேகம் கேட்கக் கடன் அலுவலகத்துக்கு போன். காத்திருக்கும்போது அவர்கள் போடும் இசையை ஸ்பீக்கரில் வைத்துவிடுவாள். அதைக் கேட்டுக்கொண்டே ஆறு பேரும் சாப்பிடுவோம். பாத்திரம் கழுவும் பையன் அந்த மெட்டை முழுசாக விசிலடிக்கக் கற்றுக்கொண்டான்.

ஊரில் எவரும் இந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்பது அவளுக்குப் பொறுக்காது. நம்மவர்கள் நிறைய வசிக்கும் மோர்டென்ஸ்ருட் பக்கம் போகும் ரயிலில் தமிழ்ப் பெண்பிள்ளைகள் யாரைக் கண்டாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "தங்கச்சி, விண்ணப்பிச்சிட்டீரோ?" என்று கேட்பாள். ஒருமுறை பிள்ளையின் தாய் முந்திக்கொண்டு, "எங்களுக்கு ஒண்டும் வேண்டாம், பிள்ளை. போன மாசந்தான் வெக்குவம் கிளீனர் வாங்கினனாங்கள்" என்றார்.

எனக்கும் கடன் வாங்கித் தருகிறேன் என்று ஒரு வாரம் போராடினாள். வெளிநாட்டு மாணவிக்குக் கிடையாது என்று அலுவலகப் பெண் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, இவள் விடவில்லை. "நல்ல அக்கா. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு சத்தம் போடமாட்டா. திறமான சாம்பார் வைப்பா." சாம்பாருக்கு எந்த விதியிலும் இடம் இல்லையாம்.

இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தவள், விண்ணப்பத்தை உறையில் போட்டு ஒட்டாமல் மூன்று நாள் வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அப்பா அறிஞ்சாரெண்டால் பேசுவார், அக்கா."

"பேசட்டுமே. அப்பா பேசாம வேற யாரு பேசுவா? நல்லா பேசட்டும்."

என்னைக் கண் விரியப் பார்த்தாள். "நீங்கள் சரியான துணிவு, அக்கா" என்றாள். அன்றே தபாலில் போட்டாள்.

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். இது எனக்குத் தெரியவந்தது மூன்று வாரம் கழித்து, அவள் அப்பா பேர்கனிலிருந்து முதல் ரயிலைப் பிடித்துவந்து எங்கள் சமையலறை வாசலில் நின்றபோதுதான்.

மெலிந்த மனிதர். பகலில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை, பின்னேரம் ஒரு அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் வேலை. இவளுடைய பதிவு விலாசம் இன்னும் பேர்கன் வீடுதான் என்பதால் கடன் அலுவலகத்தின் கடிதம் நேரே அவர் கைக்குப் போயிருந்தது.

"நான் உடைக்கேல்லை" என்று உறையை மேசையில் வைத்தார். "நீயே உடை."

உடைத்தாள். வாசித்தாள். பயம், அப்பா, பேர்கன் எல்லாம் மறந்துபோயிற்று. "அப்பா! கிடைச்சிட்டுது!" என்று அவரைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டாள்.

"கடன் கிடைச்சதுக்கு ஆராவது துள்ளுவினமோ?" அவர் அவள் கைகளை விலக்கினார். "நான் இஞ்சை வந்ததே கடனிலைதான், பிள்ளை. காணியும் ஈடு, அம்மாவின்ரை தாலிக்கொடியும் ஈடு. மீட்க ஒன்பது வருசம். என்ரை பிள்ளையள் கடன்படக் கூடாதெண்டுதானே ரெண்டு வேலை செய்யிறன்?"

"அந்த ரெண்டாவது வேலையை நீங்கள் விடவேணுமெண்டுதான் எடுத்தனான், அப்பா. போன மாசம் படியிலை விழுந்ததை அம்மா சொன்னவா."

விசிலடிக்கும் பையன்கூடத் தமிழ் புரியாமலே குழாயை மூடிவிட்டு நின்றான். அப்பா கடிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஈடு என்ன வைச்சனீ?"

"ஒண்டுமில்லை."

"ஆர் பிணை நிண்டது?"

"ஒருத்தரும் இல்லை."

"பேய்க்கதை கதையாதை. வா, நேரிலை போய்க் கேப்பம்."

மூன்று பேரும் கிளம்பினோம். நான் எதற்கு என்றால், பேசச் சொன்ன பாவத்துக்கு. கவுண்டரில் இவள் வாயைத் திறந்து வணக்கம் சொன்னதுதான் தாமதம், உள்ளே இருந்த பெண் எழுந்துவிட்டார். "நீங்களா? தினமும் மத்தியானம் கூப்பிடுகிறவர்?" சத்தம் கேட்டு உள்ளிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். சாம்பார் அக்கா இவர்தானா என்று என்னையும் விசாரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. தன் நார்வேஜிய மொழியில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "என் மகளிடம் நிலம் இல்லை, நகை இல்லை. எதை நம்பிக் கொடுக்கிறீர்கள்?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. யோசித்துவிட்டு, "படிக்கப்போகிறாரே" என்றார்.

அவ்வளவுதான். அப்பா கடன் பத்திரத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினார். நாற்பது பக்கம் பழகியவளுக்குக் கையெழுத்து பல்லி ஓடிய மாதிரி விழுந்தது.

வெளியே வந்து பத்தடி நடந்திருப்போம். அப்பா திடீரென்று நின்றார்.

"பிள்ளை, மின்சார வேலை படிக்கிறதெண்டா எனக்கும் தருவினமோ?"

நடுத்தெருவில் அவள் போட்ட கூச்சலுக்கு ஒரு டிராம் மணியடித்துவிட்டுப் போனது. அன்று மாலைதான் அந்தப் பாயசம். ஜவ்வரிசி அடிப்பிடித்திருந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை.

அடுத்த மாதம் அப்பா பின்னேர வேலையை விட்டார். விட்ட முதல் நாள் ஆறு மணிக்கு அவரே போன் செய்தார். வீட்டில் இருக்கிறாராம், என்ன செய்வதென்று தெரியவில்லையாம். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அவள் கண் நிறைந்து, போனை என் காதில் வைத்து அழுத்தினாள். மறுமுனையில் ஒரு டி.வி. ஓடியது. யாரோ தேத்தண்ணி உறிஞ்சினார்கள். ஒரு பெண் குரல், அவள் அம்மாவாக இருக்கும், "இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று கேட்டது. வேறொன்றும் இல்லை. அடுப்பில் வெங்காயம் கருகும் வாசனை வந்தது. ஆனாலும் போனைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.