சராசரி நாடி

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் இருக்கும் எங்கள் ஊரில், நல்வாழ்வு மேம்பாட்டு அலுவலகத்தில் மொத்தம் நாற்பத்தாறு பேர். ஊர் மக்களை நீண்ட நாள் வாழ வைப்பது எங்கள் பொறுப்பு. அதைச் சுமந்து சுமந்து நாங்கள் எல்லோருமே கொஞ்சம் நோயாளிகள். கோப்புப் பிரிவில் இருந்த மா என்கிற எனக்கு வாயு. தலைவர் குவாங் டிங்பாங்குக்கு எப்போதும் எரிச்சல், வயிற்றிலும்தான்.

வசந்தத்தில் மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. பாரம்பரிய மருந்தாலும் நல்ல பழக்கங்களாலும் தங்கள் ஊழியர்களை அறுபது நாளில் ஆரோக்கியமாக்கும் அலுவலகத்துக்கு ‘முன்மாதிரி நலவாழ்வு அலுவலகம்’ என்ற பட்டம் உண்டு.

மறுநாளே ஆளுக்கொரு பிளாஸ்க். உள்ளே வெந்நீரில், உடம்புக்கு நல்லதென்று, சிவப்புக் கோஜிப் பழம் மிதந்தது. மூன்று மணிக்கு மணியடித்தால் எல்லோரும் எழுந்து தாழ்வாரத்தில் பின்னோக்கி நடந்தோம், முதுகெலும்புக்கு நல்லதாம். முதல் நாளே தலைவரும் துணைத்தலைவரும் முதுகோடு முதுகு மோதினார்கள். யார் மோதினார் என்று இருவருக்கும் தெரியாததால் விசாரணை நடக்கவில்லை.

மருந்துக்கு ஊரின் மூலிகை வைத்தியர் யான் சுஹுவாவை அழைத்தார்கள். அவர் மறுக்க முடியாது. அவருடைய கடையின் உரிமத்தைப் புதுப்பிக்கும் கோப்பு தலைவரின் மேசையில்தான் நான்கு மாதமாக இளைப்பாறிக்கொண்டிருந்தது. வைத்தியர் மூன்று நாள் உட்கார்ந்து அத்தனை பேருக்கும் நாடி பார்த்தார், நாக்கு பார்த்தார்.

“நாப்பத்தாறு சீட்டு எழுதணும்” என்றார்.

தலைவர் சிரித்தார். “கொள்முதல் விதி தெரியாதா வைத்தியரம்மா? ஒரு அலுவலகத்துக்கு ஒரு மருந்துதான் வாங்க முடியும்.”

“உங்க உடம்புல சூடு, செவ்வந்தி குடுக்கணும். உங்க துணைத்தலைவருக்குக் குளிர்ச்சி, இஞ்சியும் பட்டையும் குடுக்கணும். ரெண்டையும் ஒரே சட்டியில போட்டா என்ன ஆகும்?”

“வெதுவெதுப்பா இருக்கும்” என்றார் தலைவர்.

“உடம்பு என்ன, குளிக்கிற தண்ணியா?”

“சராசரி எடுத்துடலாம். அரசாங்கமே சராசரியிலதான் ஓடுது.”

புள்ளியியல் பிரிவு இரவு பகலாக உழைத்துச் சராசரி ஊழியரைக் கண்டுபிடித்தது. வயது நாற்பத்தொன்றரை. நாடி எழுபத்து நாலு. நாக்கு இளஞ்சிவப்பு. பாதி மலச்சிக்கல், பாதி வயிற்றுப்போக்கு, நாற்பத்தாறில் ஒரு பங்கு கர்ப்பம்.

கர்ப்பம் என்றதும் வைத்தியர் எழுந்துவிட்டார். “தட்டச்சு பண்ற அந்த யூலான் பொண்ணு வாயில ஒரு சொட்டு பட்டாலும் நான் கடையைச் சாத்திட்டுப் போயிடுவேன். உரிமத்தை நீங்களே வெச்சுக்குங்க!”

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் தெளிந்தது. “நீங்க சொல்றது சரி. வயித்துல இருக்கறவர் ஊழியர் இல்ல. அவருக்கு அலுவலக மருந்து குடுக்க விதியில இடம் இல்ல.”

யூலான் தப்பினாள். மற்றவர்கள் தப்பவில்லை. எல்லோருடைய மருந்தையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்த கஷாயம், தினம் காலை ஒரு கிண்ணம். இரண்டாம் நாளே, அதில் பேதிக்குப் போட்டிருந்த இரேவற்சின்னி வேர் வேலை செய்தது. பாதிப்பேர் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றார்கள். மீதிப்பேருக்கு அந்தப் பக்கம் போகவே வேலை இல்லை. வாராந்தர அறிக்கையை நான்தான் எழுதினேன்: ‘ஊழியர்கள் சராசரியாக நாளுக்கு மூன்று முறை செல்கின்றனர். நிலைமை மிகத் திருப்திகரம்.’

வைத்தியர் ஓடி வந்தார். “நிறுத்துங்க இதை!”

“அறுபது நாளுக்கு ஒப்புதல் வாங்கியாச்சு. சீட்டை மாத்தணும்னா மறுபடி நாடியிலேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றார் தலைவர், ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி.

அடுத்த நாள் கஷாயத்தில் கசப்பு குறைந்திருந்தது. சட்டிக்குப் பொறுப்பு நான். சந்தேகப்பட்டு மூடியைத் திறந்தேன். பார்லி, காய்ந்த சிவப்பு இலந்தை, ஒரு துண்டு அதிமதுரம். அவ்வளவுதான்.

“மா அண்ணே, வெளியே சொல்லிடாதீங்க” என்றார் பின்னால் வந்து நின்ற வைத்தியர். “இது குடிச்சு ஒருத்தரும் சாகமாட்டாங்க.”

நான் சொல்லவில்லை. பத்து நாளில் வரிசை கலைந்தது. வயிறுகள் அடங்கின. என் வாயுகூட அமைதியானது. தலைவர் ஒரு நாள் முழுக்க யாரையும் திட்டாமல் இருந்தார். அதை நோயின் அறிகுறி என்று நினைத்துச் சிலர் பயந்தார்கள். அறுபதாம் நாள் கஷாயம் நின்றது, பட்டம் வந்தது. ‘சராசரி நாடிக் கஷாயம்’ என்று பொன்னெழுத்தில் பலகை மாட்டினார்கள். மகிழ்ச்சியில் தலைவர் உரிமத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலை வைத்தியர் கடை முன் ஊரே நின்றது.

“நாடியைக் காட்டுங்க” என்றார் அவர், முன்னால் நின்ற மீன்காரரிடம்.

“நாடியெல்லாம் வேணாம். ஆபீஸ் மருந்து குடுங்க.”

வைத்தியர் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் முக்காலி மேல் ஏறி நின்று கத்தினார். “அது மருந்தே இல்லய்யா! வெறும் பார்லித் தண்ணி! உங்க வீட்லயே காய்ச்சிக்கலாம்!”

கூட்டம் ஒரு கணம் யோசித்தது.

“வீட்டு பார்லிக்குப் பட்டம் குடுத்திருக்காங்களா?” என்றார் மீன்காரர். எல்லோரும் ஆமோதித்தார்கள். வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

வைத்தியர் பெருமூச்சு விட்டு அடுப்பைப் பற்றவைத்தார். அப்போதுதான் பதினோராவது ஆளாக நின்ற என்னைக் கண்டார்.

“மா அண்ணே! உள்ள என்ன இருக்குன்னு நீங்க கண்ணால பாத்தீங்களே?”

“பாத்தேன் வைத்தியரம்மா” என்றேன் நான். “ஆனா குடிக்கறதை நிறுத்தினதுலேர்ந்து வாயு திரும்ப வந்துடுச்சு.”