பாறசாலையில் தெரியாத கிரகணம்

ஒரு லேப்டாப்பும் புரொஜெக்டரும் கையில் கிடைத்தால் எந்த முட்டாளும் அரை நாளில் விஞ்ஞானி ஆகிவிடலாம். நான் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆகிவிட்டேன்.

அப்போது பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியர். புது மாப்பிள்ளை வேறு. வேலை நிரந்தரமாக வேண்டும், அதியன்னூர் மாமனார் என்னை மெச்சவும் வேண்டும். (அவர் தாலுகா ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிக்காமல் நம்பமாட்டார். என்னை மட்டும் படிக்காமலே நம்பிவிட்டார்.)

வானத்தை அப்படியே திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றை இறக்கினேன். நேரத்தை நகர்த்தினால் கோள்களும் நகரும். ஏழாம் வகுப்புக்குச் சனியின் வளையத்தைக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். அந்த மிதப்பில் மறுநாளுக்கு ஓட்டினால், மாலை நான்கரைக்கு நிலா சூரியனைக் கவ்வி ஒரு கீற்றை மட்டும் மிச்சம் வைத்தது. திரையின் மூலையில் 'சாந்தியாகோ, சிலி' என்று எழுதியிருந்தது. மென்பொருளைச் செய்த மகானின் பெயரும் ஊரும் என்று எடுத்துக்கொண்டேன். நாளை பள்ளி முற்றத்தில் கிரகணம் காட்டுகிறேன் என்று அன்றே ஊர் முழுக்கச் சொல்லி, மாமனாரையும் அழைத்துவிட்டேன்.

தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர் கடற்கரைக் குடும்பம், நிதானமானவர். கிரகணம் இந்தியாவில் தெரியாது என்று பத்திரிகையில் போட்டிருப்பதைச் சொன்னார்.

"பேப்பர்காரனுக்கு என்ன தெரியும் டீச்சர்? இது சயின்ஸ் ஆக்கும்," என்றேன். இன்று நினைத்தாலும் அந்த வாயில் ஒரு குத்து விடத் தோன்றுகிறது.

மறுநாள் பெற்றோர்கள் வந்தார்கள். கோவிலில் நடை சாத்திவிட்டுப் பூசாரி வந்தார். மாமனார் சலவை வேட்டியில், காரக்கோணத்தில் எடுத்த தன் முழங்கால் எக்ஸ்ரேயோடு வந்தார். சூரியனை அது வழியாகப் பார்த்தால் கண் போய்விடும் என்று அதைப் பிடுங்கி வைத்தேன். (அன்று நான் சொன்னதில் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.) பிள்ளைகள் துளை போட்ட அட்டைகளோடு வரிசையில் நின்றார்கள்.

மழைக்காலம்தான். ஒரு மேகம் வந்திருந்தால் பிழைத்திருப்பேன். அன்றைக்கென்று வானம் துடைத்த மாதிரி இருந்தது. நான்கரை ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. தரையில் விழுந்த வெளிச்ச வட்டங்கள் எல்லாம் முழு வட்டங்கள். கடிகாரம் கொஞ்சம் முந்திப் போகிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"மாப்ள, சூரியன் இன்னும் முழுசாத்தான் உண்டு," என்றார் மாமனார், மிக மரியாதையாக.

வகுப்புக்குள் ஓடித் திரையைப் போட்டேன். பின்னாலேயே வந்த ஜின்சி என்ற மாணவி மூலையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "சாறே, இந்த சிலி எங்க உண்டு? களியிக்காவிளை தாண்டியா?"

சுவரில் உலக வரைபடம் தொங்கியது. ஸ்டெல்லா டீச்சர் அதில் தென் அமெரிக்காவின் ஓரத்தைத் தேடி விரல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சிலிக்க பிள்ளையளுக்கு நல்லாப் பாடம் எடுத்திருக்கீரு, சாறே."

வேலை நிரந்தரமாகவில்லை. இப்போது நெய்யாற்றின்கரையில் டியூஷன் எடுக்கிறேன். ஆறு மணிக்கு வாறேன் என்று வீட்டுக்கு போன் செய்தால் மனைவி கேட்பாள்: "இங்கத்த ஆறா, சிலிக்க ஆறா?" சிரிப்பது அவள் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாமனார்.