மூன்றாம் மாடி முனி

வியாழக்கிழமை மாலையானால் ஈப்போ கார் பார்க்கில் கார்களுக்கு இடம் கிடையாது. மனிதர்கள்தான் நிற்பார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து லோரியில் வந்தவர்கள், லூமுட்டிலிருந்து பஸ் மாறி வந்தவர்கள், குனோங் ராபாட்டிலிருந்து ஒரே மோட்டார் சைக்கிளில் குடும்பமாகத் தொற்றிக்கொண்டு வந்தவர்கள். எல்லாரும் மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்கு ஏறுவார்கள். அங்கேதான் முனி இருந்தது. எத்தனையோ ரப்பர்த் தோட்டத்துக் கித்தா மரமும் ஆற்றங்கரையும் சும்மா கிடக்க, பெட்ரோல் வாடை வீசும் சிமெண்டுத் தரைதான் அதற்குப் பிடித்துப்போயிற்று. காலத்துக்கு ஏற்ற முனி.

முனி பிறந்த கதை சின்னது. ஒரு மழை நாளில், கார் பார்க்கைக் காவல் காக்கும் ஜாகா பாக் மாட் மேலிருந்து இறங்கி வந்து, மூன்றாம் மாடியில் ஏதோ இருக்கிறது என்று மலாயில் சொன்னார். கீழே பூக்கடை முத்தம்மாவின் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் அவள் காதில் விழுந்தது, "அடா முனி, திங்காட் திகா." முனி இருக்கு, மூன்றாம் மாடியில். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்க முனி வந்துவிட்டது. பாக் மாட் வேறு மதத்துக்காரர். அவரே சொல்லிவிட்டார் என்றால் பொய்யாக இருக்குமா? அவரைத் திரும்ப ஒரு தடவை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முனி வந்தால் போதுமா, மொழிபெயர்க்க ஆள் வேண்டாமா? அடுத்த வாரமே சீனிச்சாமி வந்து சேர்ந்தார். குனோங் ராபாட் சுண்ணாம்பு மலைக் குகையில் பல காலம் தவம் இருந்தவர் என்று அவரே சொன்னார். அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. காவி வேட்டி, கழுத்து கொள்ளாத உருத்திராட்சம், கையில் ஒரு வெண்கல மணி. கட்டடம் கட்டுவதற்கு முன் அங்கே ஓர் அரச மரம் இருந்ததாம். வெள்ளைக்காரன் அதை வெட்டிவிட, முனி சிமெண்டுக்குள் மாட்டிக்கொண்டதாம்.

சாமி மணியை ஆட்டுவார். சாம்பிராணிப் புகை கண்ணை மறைக்கும். மந்திரம் தொடங்கும்.

"ஓம் ஹ்ரீம்... முனிதேவாய... கோஸ்தானாய... கோஸ்தானாய நம."

அந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் முனி காத்திருக்கும். "ம்ம்ம்... ஊஊஊ" என்று தரைக்கடியிலிருந்து ஒரு முனகல் எழும். உள்ளங்காலில் ஏறும். பெண்கள் அருள் வந்து ஆடுவார்கள். ஆண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழும்போது சட்டையில் எஞ்சின் எண்ணெயோடு எழுவார்கள். ஒரு பூசைக்கு ஒரு முறைதான் முனி பேசும். இரண்டாவது முறை கேட்டால் கோபித்துக்கொள்ளும் என்பது சாமியின் கண்டிப்பான உத்தரவு.

படையல் என்று சேவல், சுருட்டு, கறுப்பு பீர் எல்லாம் வந்து குவியும். முனி இவற்றில் எதைத் தின்றது, எதைக் குடித்தது என்று தெரியவில்லை. சாமியின் வயிறுதான் வாரம் ஒரு சுற்று பெருத்தது.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு நாமும் நம் வேலையைப் பார்த்திருக்கலாம். விஷயம் வேறு.

அந்தக் கார் பார்க் கிழடு தட்டிப்போயிருந்தது. சுவரில் விரிசல், தூணில் துருக் கம்பி. அதை இடித்துப் புதிதாகக் கட்டவும், சுற்றியுள்ள தெருக்களை அகலமாக்கவும், ஓரத்து ஒட்டுக்கடைகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரவும் ஏற்பாடாகியிருந்தது. புதிய இடத்துக்குச் சீட்டுக் குலுக்கல் வெள்ளிக்கிழமை காலை. கடைக்காரர் நேரில் வர வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும்.

சீனிச்சாமி ஒரே போடாகப் போட்டார். "முனி இடிக்க விடாது. சீட்டெடுக்கப் போறவன் இடிக்கச் சம்மதம் குடுத்தவன். அவன் அடுப்பு அப்புறம் பத்தாது."

அடுப்பை நம்பிப் பிழைப்பவர்களிடம் இதைவிடப் பயங்கரமான சாபம் உண்டா? கடைக்காரர்கள் அத்தனை பேரும் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். குலுக்கலுக்குப் போவதில்லை என்று சத்தியம்.

முதல் கயிறு நல்லம்மாளுடையது. கார் பார்க் வாசலில் தோசைக்கடை வைத்திருந்தாள். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தை விற்றபோது பால்மரம் வெட்டிப் பால் எடுப்பதை விட்டுவிட்டு, படுத்த படுக்கையான கணவனோடும் மூன்று பெண் பிள்ளைகளோடும் ஈப்போவுக்கு வந்தவள். அந்த ஒரு கல்லில் ஐந்து பேர் வயிறு வெந்துகொண்டிருந்தது. கல் தெருவுக்குப் போனால் அவர்களும் தெருவில்தான்.

குலுக்கலுக்கு முந்தின நாள் கெர்ட்ரூட் லூமுட்டிலிருந்து திரும்பி வந்தாள். தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தவள். ஈப்போவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். சாமான் ஏற்ற ஒரு பழைய வேன் வாங்கும் ஆசையில் நல்லம்மாளும் அவளிடம் கற்றுக்கொண்டிருந்தாள். எல்லாம் நன்றாகச் செய்வாள். மேட்டில் நிறுத்திக் காரை எடுப்பது மட்டும் வராது. எடுக்கும்போதெல்லாம் கார் பின்னால் உருளும்.

நல்லம்மாள் கயிற்றைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். கெர்ட்ரூட் கயிற்றைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நாளைக்கு நீ போகலேன்னா கடை போயிரும், தெரியுமில்ல?"

"நீங்க வேதக்காரங்கக்கா. ஒங்களுக்கு முனி பத்தி என்னா தெரியும்?"

"சாமி வேறயா இருக்கலாம் லா. காது ஒண்ணுதானே. சாயங்காலம் பாடம் வச்சுக்கலாம். ஒன் சேவலையும் கார்லயே ஏத்திக்க. மூணு மாடி நடக்க வேணாம்."

நடக்க வேண்டாம் என்றதும் நல்லம்மாள் சம்மதித்தாள். பக்திக்கும் முழங்கால் உண்டு.

மாலையில் எல் பலகை கட்டிய கார், பின் சீட்டில் சேவலோடு, சரிவுப் பாதையில் ஏறியது. மூன்றாம் மாடியைத் தொடும் இடத்தில் ஓரமாக ஒரு டட்சன் நின்றது. பானட் திறந்திருந்தது. அதன் சொந்தக்காரன் அர்ச்சுனன் எஞ்சினைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். பழைய அர்ச்சுனனுக்குத் தேர் ஓட்ட ஆள் இருந்தது. இவன் தானே ஓட்டிக்கொள்பவன். இந்தக் கார் எப்போது கெட்டது என்று கெர்ட்ரூட் மெதுவாகக் கேட்டாள். பாவம், வாராவாரம் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகிறது, அது சாமியின் மச்சானுடைய கார் என்றாள் நல்லம்மாள். சொல்லும்போதும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தக் காரைத் தாண்டித்தான் போனார்கள்.

"இங்க நிறுத்து. மேட்டுல எடுத்துக் காட்டு."

நல்லம்மாள் கைப்பிரேக்கை விட்டாள். வழக்கம்போல் கார் பின்னால் உருண்டது.

"ம்ம்ம்... ஊஊஊ."

நல்லம்மாள் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கெர்ட்ரூட் தன் பக்கத்துப் பிரேக்கை அழுத்திக் காரை நிறுத்தினாள்.

"கும்பிடறத அப்புறம் பாக்கலாம். மறுபடி எடு."

மறுபடியும் உருண்டது. மறுபடியும் முனி முனகியது. ஒரு பூசைக்கு ஒரு முறை என்ற சட்டம் உடைந்துவிட்டது. மேலே கூட்டம் தொபுக்கடீரென்று தரையில் விழுந்தது. சாமி அப்போதுதான் சூடம் ஏற்றத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கு எரிச்சல் தாங்கவில்லை. சரிவுப் பக்கம் திரும்பிக் கத்திவிட்டார்.

"டேய், நான் இன்னும் சொல்லவே இல்லியேடா."

விழுந்து கிடந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். முனியைப் போய் 'டேய்' என்கிறாரே?

நல்லம்மாளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கெர்ட்ரூட் இறங்கி அர்ச்சுனனின் தோளில் கை வைத்து, அண்ணே வாங்க, பூசை பாக்கலாம் என்று அவனை மேலே அழைத்துப்போனாள். நடுவில் நிறுத்தினாள்.

"சாமி, ஒங்க மச்சான் கார் பக்கத்துலயே நின்னு பாவம் பூசையே பாத்ததில்ல. இன்னிக்கு இங்கயே நிக்கட்டும். நீங்க கூப்பிடுங்க."

கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. சாமியின் முகம்தான் வெளுத்தது. மணியை ஆட்டினார். ஓம் என்றார், ஹ்ரீம் என்றார், கோஸ்தானாய என்றார். முனி பேசவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். அர்ச்சுனன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தெருவில் ஒரு பஸ் போய் அதன் சத்தமும் தேய்ந்தது. பிறகு வந்த மௌனம் நீளமானது. அந்தக் கார் பார்க்கில் பல மாதங்களாக யாரும் அத்தனை நேரம் சும்மா இருந்ததில்லை. சும்மா இருந்தால் யோசனை வரும் என்பது சாமிக்குத் தெரியும். அதனால்தான் கையில் எப்போதும் மணி.

கெர்ட்ரூட் சரிவைப் பார்த்து, பாடம் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"நல்லம்மா, கோஸ்தான்."

"ம்ம்ம்... ஊஊஊ."

பின்னால் எடு என்பதற்கு இந்த ஊரில் கோஸ்தான் என்பார்கள். லோரிக்காரன் சொல்வான், தோட்டத்தில் கட்டிப்பால் பொறுக்கும் பிள்ளை சொல்லும். தினமும் வாயில் புழங்குகிற சொல்தான். சாம்பிராணிப் புகைக்குள் கேட்டதும் அதை எல்லாரும் சமஸ்கிருதம் என்று நினைத்துக்கொண்டார்கள். முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு மூன்றாம் மாடியே சிரித்தது. சுங்கை சிப்புட் லோரிக்காரர் ஒருவர் சாமியை உற்றுப் பார்த்தார்.

"அடேய், நீ எங்க லோரியில கோஸ்தான் போட்டுக்கிட்டிருந்த சீனிதானே? தவம் எப்படா இருந்தே?"

எல்லாரும் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார்கள். சரிவும் மாடியும் சேரும் இடைவெளியை மூடிய இரும்புத் தகடு. நட்டு கழன்றிருந்தது. கார் ஏறினால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு சரி. பின்னால் உருண்டால் ஓரம் உரசி முனகும். சாமி கோஸ்தானாய என்றதும் அர்ச்சுனன் பிரேக்கை விட்டு டட்சனை அதன் மேல் உருட்டியிருக்கிறான். உருண்ட காரை மறுபடி மேலே ஏற்ற எஞ்சினைக் கிளப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா? அதனால்தான் முனி ஒரு பூசைக்கு ஒரு முறை பேசியது.

அடி விழும் என்று பயந்து அர்ச்சுனன் தானாகவே ஒப்பித்தான். காத்திருப்பவர்களில் முதல் பெயர்கள் சாமியுடையதும் தன்னுடையதும்தானாம். கடைக்காரர்கள் வராவிட்டால் வாசல் பக்கத்து இடங்கள் தங்களுக்குத்தானாம்.

சத்தம் கேட்டு ஏறி வந்த பாக் மாட்டை முத்தம்மா பிடித்துக்கொண்டாள். நீங்கள்தானே முனி இருக்கிறது என்று சொன்னீர்கள் என்றாள். கிழவர் விழித்தார்.

"புக்கான் முனி லா, முத்தம்மா. பூஞி. பூஞி."

மலாயில் புக்கான் என்றால் இல்லை, பூஞி என்றால் சத்தம். மூன்றாம் மாடியில் சத்தம் கேட்கிறது என்றுதான் மனிதர் சொல்லியிருக்கிறார்.

எல்லாரும் கீழே குனிந்து நின்றபோது சரிவில் ஒரு கார் உறுமியது. நல்லம்மாள். முகம் கோபத்தில் கன்றியிருந்தது. மேட்டில் நிறுத்திய காரை, ஒரு விரற்கடைகூடப் பின்னால் விடாமல், நேராக மூன்றாம் மாடிக்கு ஏற்றி நிறுத்தினாள். கெர்ட்ரூட் தலையை மட்டும் ஆட்டினாள். நல்லம்மாள் மணிக்கட்டுக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து சாமியின் காலடியில் போட்டாள். சேவலைக் கொடுக்கவில்லை.

சாமியும் மச்சானும் டட்சனில் ஏறினார்கள். கூட்டம் சரிவை அடைத்து நின்றதால் திருப்ப வழியில்லை. அடி வரைக்கும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று. கூட்டம் இரண்டு பக்கமும் நின்று கை தட்டிச் சொன்னது, "கோஸ்தான், கோஸ்தான்." தகடு கடைசியாக ஒரு முறை முனகி வழியனுப்பியது.

மறுநாள் குலுக்கலில் எல்லாக் கடைக்காரர்களும் இருந்தார்கள். நல்லம்மாளுக்கு விழுந்தது சாக்கடையோரத்து மூலை. முனி உண்மையா இருந்தா கொஞ்சம் நல்ல இடமா பாத்துக் குடுத்திருக்கும் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். ஆனால் அடுப்பு பற்றியது. முதல் தீக்குச்சியிலேயே பற்றியது.

பழைய கட்டடத்தை இடித்தபோது அந்தத் தகட்டைக் கேட்டு வாங்கி, கடை வாசலில் சாக்கடை மேல் போட்டுக்கொண்டாள். சாப்பிட வருகிறவர்கள் மிதித்தால் இன்றும் அது முனகும். தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தெரியாதவர்களில் சிலர் இப்போதும் கை கூப்புவதுண்டு. அவர்களிடம் நல்லம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டபடி சொல்வாள், "கும்பிடாதீங்கண்ணே. குனிஞ்சு பாருங்க."

தோசைக்காகப் போகிறவர்கள் இதையும் வாங்கிக்கொண்டு வரலாம். காரைப் பின்னால் எடுக்கிறவன் கண்ணாடியைப் பார்த்துத்தான் எடுக்கிறான். மூளையைக் கோஸ்தான் எடுக்கிறவர்கள்தான் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.